எடைக்கும் கேன்சருக்கும் சம்பந்தம் உண்டு என்று உங்களிடம் முதலில் சொன்னது யார்?

மாம்பலம் மகள்:

அம்மாவுக்கு 61 வயது, 92 கிலோ. மாதவிலக்கு நின்று பத்து வருஷம் கழித்து, போன தை மாதம் லேசாக உதிரப்போக்கு. யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று தானே முடிவு செய்து, வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். இரண்டு நாளில் நின்றுவிட்டது. பங்குனியில் மறுபடி வந்தது. அப்போதும் வெந்தயம்தான். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது நான் பார்த்துக் கேட்டதால் விஷயம் வெளியே வந்தது.

முதலில் போன கிளினிக்கில் ஸ்கேன் கூட எழுதவில்லை. "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் போனது. அடுத்து பார்த்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். கர்ப்பப்பையின் உள்வரி 14 மில்லிமீட்டர். மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டால், அது 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே சோதிக்க வேண்டுமாம். பயாப்ஸியில் கேன்சர் என்று வந்தது. நல்லவேளை, முதல் நிலை. கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள்.

நான் எழுத வந்தது அதை இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா சொன்ன ஒரு விஷயம்.

"கொழுப்புன்னா சும்மா தொங்கிட்டிருக்கிற சதைன்னு நினைக்கிறோம். அது பாட்டுக்கு வேலை பார்த்துட்டிருக்கும்மா."

சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு தன்பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டாக்குமாம். அதைக் கட்டுப்படுத்தும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரான் அந்த வயதில் இருக்காது. உள்வரிக்கு "வளர், வளர்" என்று மட்டுமே உத்தரவு போய்க்கொண்டிருக்கும். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. இன்சுலின் அதிகமாக ஓடுவதும், உடம்புக்குள் ஓயாமல் இருக்கும் அழற்சியும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். சுகர் டாக்டர் எடையைக் குறை என்றார், மூட்டு டாக்டர் சொன்னார், பிரஷர் டாக்டரும் சொன்னார். ஒருவர் கூட கேன்சர் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. புகையிலைக்குத் தியேட்டரில் படத்துக்கு முன்னால் விளம்பரம் போடுகிறார்கள், குழந்தைக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-லேயே அதிக உடல் கொழுப்போடு 13 வகை புற்றுநோய்களைத் தொடர்புபடுத்திவிட்டது. பெருங்குடல், கல்லீரல், கணையம், பித்தப்பை, சிறுநீரகம், தைராய்டு என்று போகிறது பட்டியல். எங்கள் வீட்டிலோ அதுவரை "பூசினாப்ல இருக்கா, மகாலட்சுமி மாதிரி".

உங்களுக்கு யார் சொன்னார்கள்? எப்போது?

ஓஎம்ஆர் பெரம்பூரான்:

எனக்கு இன்ச் டேப் சொன்னது. வயது 38, உயரம் 168, எடை 84. கம்பெனி மாஸ்டர் செக்கப்பில் ஃபேட்டி லிவர், கிரேடு 2. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிப்பீங்க?" நான் பாயசத்தைத் தாண்டி எதையும் குடித்ததில்லை. அவர் நம்பவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இடுப்பை அளந்தார். 104 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே தொப்பைக் கணக்கில் சேர்த்தி, பெண்களுக்கு 80. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ-யும் அப்படித்தான். வெள்ளைக்காரர்களுக்கு 30-க்கு மேல்தான் உடல் பருமன், நமக்கு 25-லேயே. நான் 29.8 வைத்துக்கொண்டு "இன்னும் முப்பது வரலையே" என்று நிம்மதியாக இருந்த ஆள்.

கல்லீரலில் படிந்த கொழுப்பு அழற்சியாகி, தழும்பாகி, சுருங்கி, சிலருக்குக் கேன்சர் வரை போகும் என்றார். குடிக்காதவனுக்குமா என்று கேட்டேன். குடிக்காதவனுக்கும்தான். ராத்திரி ஷிப்ட் முடித்து பதினொரு மணிக்குத் தின்ற பிரியாணி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எட்டு மாதத்தில் 77-க்கு வந்திருக்கிறேன். ஏழெட்டு சதவீதம் குறைந்தாலே கல்லீரல் தேற ஆரம்பிக்கும் என்றார், ஸ்கேனில் கிரேடு 1 ஆகியிருக்கிறது. பெசன்ட் நகரில் எட்டு கிலோமீட்டர் ஹெல்த் வாக் பாதை இருக்கிறதே, அதில் முழுசாக இரண்டே முறைதான் நடந்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு மாற்றியதுதான் உதவியது.

ஒல்லிக்குச்சி அக்காவின் தங்கை:

கோபமாகத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும். என் அக்கா 47 கிலோ. 39 வயதில் மார்பகப் புற்றுநோய். பார்க்க வந்த ஒவ்வொருவரும் "என்ன சாப்பிட்டா?" என்றுதான் கேட்டார்கள். குண்டாக இருந்திருந்தால் இன்னும் என்னென்ன கேட்டிருப்பார்களோ. இந்த மாதிரிப் பேச்சு கடைசியில் நோயாளி தலையில்தான் விடிகிறது.

மாம்பலம் மகள்:

நியாயம். மார்பகப் புற்றுநோயில் எடையின் பங்கு மாதவிலக்கு நின்ற பிறகு வருவதில்தான் என்று டாக்டரம்மாவும் சொன்னார். உங்கள் அக்கா கதை வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அம்மா கேட்டாள், "நான் தின்னுதான்டி எனக்கு வந்துச்சா?" எனக்குப் பதில் வரவில்லை. எல்லோரும் சாப்பிட்டு மீந்ததைக் கொட்ட மனசில்லாமல் தன் தட்டில் போட்டுக்கொண்டவள் அவள். நாங்கள் வைத்த மீதிதானே அது.

வார்டு சிஸ்டர்:

பெண்கள் வார்டில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். எடை மெஷினில் ஏறச் சொன்னால் செருப்பு, வளையல், சேலை மடிப்பு என்று எல்லாவற்றையும் காரணம் சொல்வார்கள். சிரிப்பு வரும், ஆனால் அது வெட்கம். எடையைப் பற்றித் திட்டு வாங்கிப் பழகியவர்கள் டாக்டரிடமே வர மாட்டார்கள், அதனால் நோய் முற்றித்தான் வருகிறார்கள். தங்கச்சி சொன்ன கோபத்தில் அதனால் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் நின்றுபோன உதிரம் திரும்ப வந்தால் வெந்தயத்தோடு விடாதீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வேறு ஏதோ காரணம்தான் இருக்கும். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பது பார்த்தால்தான் தெரியும். "போன வருஷம் பாப் டெஸ்ட் எடுத்தேனே" என்பார்கள். அது கர்ப்பப்பை வாய்க்கு. உள்வரியில் இருப்பதை அது நம்பிக்கையாகக் காட்டாது. பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறு இருந்து மாதவிலக்கு மூன்று நாலு மாதம் தள்ளிப்போகிற சின்னப் பெண்களும் கல்யாணம் ஆகட்டும் பார்க்கலாம் என்று விடக் கூடாது, அவர்களுக்கும் உள்வரி தடிக்கும்.

மாம்பலம் மகள்:

சிஸ்டர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது சாயங்காலம் அயோத்தியா மண்டபம் வரை நடந்து, அங்கே உட்கார்ந்து கதை பேசிவிட்டுத் திரும்புவாள். நேற்று திரும்பி வர நேரமாகிவிட்டது. கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்த மாமி ஒருவர் காதோடு ஏதோ சொன்னாராம், "சூடுதான்னு நினைக்கிறேன்" என்று.

வியாழக்கிழமை ஸ்கேன். அம்மாதான் கூடப் போகிறாள்.