லைப்லின் ‘தேவாலயத்தில் மூன்று பெண்கள்’: அந்தக் கைகள் ஏன் அவ்வளவு பெரிசு?

கேள்வி:
ஜெர்மன் ஓவியர் வில்ஹெல்ம் லைப்ல் 1878 முதல் 1882 வரை வரைந்த ஓவியம் இது, அசல் ஹாம்பர்க் குன்ஸ்தாலே கலைக்கூடத்தில் இருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் துணி மடிப்பும் பெஞ்சில் செதுக்கியிருக்கும் சுருள்களும் தொட்டுவிடலாம் போலத் தெரிகின்றன. ஆனால் முன்னால் ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணின் கைகள்? அவள் முகத்துக்குச் சம்பந்தமே இல்லை. இத்தனை நுணுக்கமாக வரைந்தவர் அளவில் கோட்டை விட்டாரா, வேண்டுமென்றே செய்தாரா?

பதில் 1:
அவர்கள் பவேரியாவில் பெர்ப்லிங் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். வயல்வேலை பார்த்த கை அப்படித்தான் இருக்கும்.

பதில் 2:
உழைத்த கை தடிக்கும், சரி, ஆனால் நீளாதே. என் கணிப்பு, இது தூரத்தால் வந்த வினை. லைப்ல் இதை ஸ்டுடியோவில் வரையவில்லை, குளிரோ வெயிலோ அந்தச் சின்ன தேவாலயத்துக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தார். ஆள் அவ்வளவு கிட்டே இருந்தால் முன்னால் நீட்டிய கை பெரிதாகவும் பின்னால் இருப்பவர் சட்டென்று சிறுத்தும் தெரிவார், செல்ஃபியில் மூக்கு பெருப்பது மாதிரி. அதோடு முழு உருவத்தையும் முதலில் கோடு போட்டு வைத்துக்கொள்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது, ஒரு பகுதியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார், அப்புறம் மொத்த அளவை எங்கே சரிபார்ப்பது? இதற்கு அடுத்து, திருட்டு வேட்டைக்காரர்களை வைத்து வரைந்த பெரிய படத்திலும் இதே சிக்கல் வந்தது. அதை அவரே துண்டு துண்டாக வெட்டிவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
வெட்டியே விட்டாரா! இன்னொன்று, இதைத் தேவாலய உட்புற ஓவியம் என்று சொல்லலாமா? கட்டடமே கண்ணில் படவில்லையே.

பதில் 3:
கட்டடம் வேண்டுமென்றால் அதே காலத்து டச்சு ஓவியர் யோஹானஸ் போஸ்போமைப் பாருங்கள். உயர்ந்த தூண்கள், சுவரில் சாயும் வெளிச்சம், கீழே எறும்பு மாதிரி மனிதர்கள். லைப்லுக்குத் தூணும் வளைவும் தேவைப்படவில்லை, ஒரு பெஞ்சும் மூன்று வயதில் மூன்று பெண்களும் போதும். வரைந்துகொண்டிருந்தபோது பார்க்க வந்த குடியானவர்கள் தங்களை அறியாமல் படத்தின் முன் கைகூப்பினார்கள் என்று 1879-இல் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ போஸ்போமின் படங்களைவிட இதில்தான் தேவாலயத்துக்குள் இருக்கிற உணர்வு வருகிறது.

பதில் 1:
கை அளவு தப்பு என்றே வைத்துக்கொள்வோம். இதையும் வெட்டாமல் விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்.