புதுப்பிப்பு: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பண்ணையில் முயல் தொல்லை, எது பலித்தது

இளம் ஆலிவ் கன்றுகளின் பட்டையை முயல்கள் உரிப்பதையும், இரவில் விளக்கடித்துப் .22 துப்பாக்கியால் சுட்டும் குறையாததையும் முன்பு எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பலித்தது, வளைகளை உழுது தகர்க்கச் சொன்ன பென்டிகோ நண்பரின் யோசனை.

அவர் சொன்ன வரிசைப்படியே செய்தோம். கோடையின் கடைசியில், மண் காய்ந்து குட்டிகள் குறைந்திருக்கும்போது முதலில் பின்டோன் நஞ்சிட்ட ஓட்ஸ். எஞ்சியவற்றை நாய்களை விட்டு வளைக்குள் விரட்டிய கையோடு, டிராக்டரின் நீண்ட கொழுவால் குறுக்கும் நெடுக்குமாக உழுதோம். வளையின் ஆழத்துக்கு, ஏறத்தாழ 90 செ.மீ. வரை, கொழு இறங்க வேண்டும். மேலோட்டமாக உழுதால் சில நாளில் திறந்துகொள்ளும். வாயில் சிலந்தி வலை படிந்த வளை காலியானது, புதுமண்ணும் பளபளக்கும் புழுக்கையும் கிடந்தால் ஆளிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: வளைகள் போன பிறகும் பட்டை உரிந்தது. பிளாக்பெர்ரிப் புதரிலும் பழைய தகரக் குவியலின் அடியிலும் சில குடியிருந்தன. இரண்டையும் அகற்றிய பின்புதான் துப்பாக்கிக்கு வேலை வந்தது. சுடுவது மிச்சத்தைத் துடைக்க மட்டுமே. விளக்கொளிக்குப் பழகியவை தூரத்திலேயே ஓடிவிடுகின்றன.

பக்கத்துப் பண்ணையிலிருந்து வருபவற்றுக்கு வேலிதான். 40 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள வலை, அடிப்பாகம் வெளிப்புறமாக மடங்கித் தரையில் படிந்திருக்க வேண்டும்.