வாங்குகிறது, ஆனால் அனுப்பவில்லை: எங்கள் மலை ரிப்பீட்டர்களில் கண்ட பழுதுகள்

தருமபுரியிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம். மலைமேல் இருக்கும் வி.எச்.எஃப். ரிப்பீட்டர் (நம் சிறு கருவிகளின் அலையை வாங்கி, அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் திரும்ப அனுப்பும் நிலையம்) திடீரென்று ஒலிபரப்பாமல் போனால் தேடலை எங்கிருந்து தொடங்குவது என்று, அண்மையில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு கோடையில் எங்களுக்கு நேர்ந்ததை விடையாக எழுதுகிறேன். மற்றவர்களும் தத்தம் அனுபவத்தைச் சேர்த்தால் அவருக்கு உதவியாக இருக்கும்.

நம் மாவட்டங்களில் மாங்காய் முற்றும் பருவத்தில் பெய்யும் மழை, தண்ணீரைவிட இடியையும் மின்னலையும்தான் அதிகமாகக் கொண்டுவரும். அப்படிப்பட்ட ஓர் இரவுக்குப் பின், பென்னாகரம் பக்கத்துக் குன்றில் நாங்கள் பராமரிக்கும் ரிப்பீட்டர் காலையில் யாருக்கும் பதில் தரவில்லை. ஹேண்டியில் (கையடக்க வானொலியில்) பி.டி.டி.யை, அதாவது பேசுவதற்கான பொத்தானை, அழுத்தி விட்டால் ரிப்பீட்டர் சற்று நீடித்து அனுப்பும் அந்தச் சிறு வால் ஒலிகூடக் கேட்கவில்லை.

மலை ஏறுவதற்கு முன்பாக, கீழே நின்றபடியே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் (ரிப்பீட்டரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள்) ரிப்பீட்டரின் அழைப்புக்குறியைக் குறித்த இடைவெளியில் மோர்ஸில் தாமாகவே அனுப்பும். யாரும் பேசாதபோதும் அழைப்புக்குறியை அனுப்பும்படி எங்கள் கன்ட்ரோலரை அமைத்திருக்கிறோம். அந்த ஒலி கேட்குமானால் மின்சாரம், டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா மூன்றும் நலமாக இருக்கின்றன என்றும், பழுது ரிசீவர் பக்கத்தில்தான் இருக்கிறது என்றும் மலை ஏறாமலே சொல்லிவிடலாம். ரிப்பீட்டர் வைத்திருக்கும் எல்லோரும் இந்த வசதியை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்களுக்கு அன்று அதுவும் கேட்கவில்லை. ஆகவே மல்டிமீட்டர், வாட் மீட்டர், 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை ஏற்கும் சுமை), சில இணைப்புக் கம்பிகள், சாலிடரிங் அயர்ன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மேலே போனோம்.

ரிப்பீட்டர் வேலை செய்யும் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. 2 மீட்டர் பட்டையில் ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. நம் அலை வந்ததும் ரிசீவரின் ஸ்குவெல்ச் (அலை இல்லாதபோது இரைச்சலை அடக்கி வைக்கும் சர்க்யூட்) திறக்கிறது, அதைச் சி.ஓ.எஸ். கம்பி கன்ட்ரோலருக்குத் தெரிவிக்கிறது, கன்ட்ரோலர் பி.டி.டி. கம்பியைத் தரையோடு சேர்க்கிறது, டிரான்ஸ்மிட்டர் எழுகிறது, அதன் ஆற்றல் டூப்ளெக்சரை, அதாவது ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே ஆன்டெனாவைப் பகிர உதவும் வடிகட்டியைக் கடந்து ஆன்டெனாவுக்குப் போகிறது. இந்த வரிசையில் செய்தி எந்தப் படி வரை ஒழுங்காக வந்தது, எந்தப் படியில் நின்றது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அதற்கு முன் ரேடியோவைத் திறக்கவும் கூடாது, டூப்ளெக்சரின் திருகைத் தொடவும் கூடாது.

நாங்கள் முதலில் டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டை டூப்ளெக்சரிலிருந்து கழற்றி டம்மி லோடில் இணைத்தோம். பிறகு நண்பர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று குறைந்த ஆற்றலில் ஹேண்டியை அழுத்தினார். ரிசீவரில் அலை வந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. கன்ட்ரோலரில் சி.ஓ.எஸ். விளக்கும் எரிந்தது, பி.டி.டி. விளக்கும் எரிந்தது. ஆனால் டிரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதாவது கன்ட்ரோலர் ஆணையிடுகிறது, ரேடியோ அதைப் பெறவில்லை, அல்லது பெற்றும் செய்யவில்லை. இந்த இரண்டில் எது என்பதை ஒரு துண்டுக் கம்பி சொல்லிவிடும்.

எங்களிடம் இருப்பது பின்புறம் 16 முனைக் கனெக்டர் உள்ள மோட்டோரோலா ஜி.எம்.300. அதில் 3-ஆம் முனை பி.டி.டி., 7-ஆம் முனை தரை. இரண்டையும் கம்பியால் தொட்டவுடன் ரேடியோ முழு ஆற்றலில் டம்மி லோடுக்குள் அனுப்பியது; மின்கல வோல்ட்டேஜும் பெரிதாக இறங்கவில்லை. ரேடியோ நலம், மின்சாரமும் நலம். அடுத்து, கன்ட்ரோலரின் பி.டி.டி. விளக்கு எரியும்போது அந்த 3-ஆம் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்க வேண்டிய இடத்தில் அளவு அசையாமல் மேலேயே நின்றது. கம்பியில் முறிவு இல்லை என்பதையும் சோதித்தபின், கன்ட்ரோலரின் வெளியீட்டில் இருக்கும் சிறு டிரான்சிஸ்டர்தான் இறந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று.

விளக்கு எரிந்ததே, பிறகு எப்படி என்று கேட்கலாம். அந்த விளக்கு மைக்ரோகன்ட்ரோலரின் காலிலிருந்து நேராக எரிகிறது. கம்பியைத் தரைக்கு இழுக்கும் டிரான்சிஸ்டர் அதற்கு அடுத்த படி. விளக்கு "சொல்ல முயல்கிறேன்" என்பதை மட்டுமே காட்டும். சொல்லி முடித்ததைக் காட்டாது. இந்த வேறுபாட்டைத் தம்பி நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டரை மாற்றியவுடன் ரிப்பீட்டர் பேசத் தொடங்கியது.

அத்தோடு இறங்கி வந்திருந்தால் அடுத்த இடிக்கு அதே டிரான்சிஸ்டர் மறுபடியும் போயிருக்கும். காரணத்தைத் தேடியபோது, சோலார் பேனல் தாங்கிக்கு ஓர் எர்த்தும், கருவி அறைக்கு வேறோர் எர்த்தும் தனித்தனியாக இருந்ததைக் கண்டோம். நம் குன்றுகள் எல்லாம் கருங்கல்; குழி தோண்டி உப்பும் கரியும் இட்டாலும் எர்த்தின் தடை எளிதில் குறையாது. அருகில் மின்னல் இறங்கும்போது இந்த இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒரு கணம் பெரும் வோல்ட்டேஜ் வேறுபாடு எழும். அது கருவிகளை இணைக்கும் மெல்லிய கம்பிகள் வழியாகத்தான் சமன்பட முயலும். இரண்டு எர்த்துகளையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்தோம். எர்த்தின் தடை எவ்வளவு என்பதைவிட எல்லாம் ஒரே எர்த்தில் சேர்ந்திருக்கின்றனவா என்பது கருவிகளின் உயிருக்கு முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

ஓசூரிலிருந்து

ஐயா எழுதியதை மிகவும் ஆர்வத்துடன் படித்தேன். வரிசையாகப் பார்க்கும் அதே முறைதான் எங்களையும் காப்பாற்றியது. ஆனால் எங்கள் பழுது முற்றிலும் வேறு இடத்தில் இருந்தது.

எங்கள் ரிப்பீட்டரை அணைத்துப் போட்டால் உடனே ஒலிபரப்பும். சிறிது நேரம் கழித்து மௌனமாகிவிடும். மறுபடியும் அணைத்துப் போட்டால் மறுபடியும் வரும், மறுபடியும் போகும். டிரான்ஸ்மிட்டரின் பவர் மாட்யூல் சூடேறி நின்றுவிடுகிறது என்று குழுவில் பெரும்பாலோர் முடிவு கட்டி, புது மாட்யூலுக்கு விலை கேட்கவும் தொடங்கினார்கள். எனக்கு அதில் ஓர் ஐயம் இருந்தது. சூட்டினால் நிற்கும் கருவி, ஓசூரின் குளிர்ந்த காலையில் நெடுநேரம் ஓடி, நண்பகலில் சீக்கிரம் நிற்க வேண்டும். இதுவோ காலையானாலும் வெயிலானாலும் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் சரியாக 3 நிமிடத்தில் நின்றது. அவ்வளவு துல்லியமாக நிற்பது சூட்டின் இயல்பன்று. அது ஒரு டைமரின் வேலை.

கன்ட்ரோலரில் டைம்-அவுட் டைமர் உண்டு என்பது பலருக்குத் தெரியும். யாராவது பி.டி.டி.யை அழுத்தியபடி மறந்துவிட்டால், டிரான்ஸ்மிட்டர் எரிந்துபோகாமல் இருப்பதற்காக, குறித்த நேரத்துக்குப் பின் அது ஒலிபரப்பை நிறுத்திவிடும். உள்ளே வரும் அலை ஒருமுறை விலகினால்தான் மீண்டும் அனுமதிக்கும். ஆகவே உள்ளே ஏதோ ஓர் அலை விலகாமல் நின்றுகொண்டே இருந்தால், ரிப்பீட்டர் வெளியில் இறந்ததுபோல் தோன்றும். ரிசீவரின் விளக்கைப் பார்த்தோம். யாரும் பேசாதபோதும் அது எரிந்துகொண்டே இருந்தது. ரிசீவருக்கு வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றியவுடன் அணைந்தது. எனவே ஸ்குவெல்ச் சர்க்யூட் நலம், இரைச்சல் வெளியிலிருந்துதான் வருகிறது. கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு, அந்த இடத்தில் உள்ள மின்கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது, புதிதாக வைத்த சோலார் சார்ஜ் கன்ட்ரோலரை நிறுத்தியதும் விளக்கு அணைந்தது. உள்ளே மிக வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சர்க்யூட்டின் இரைச்சல், பேனலுக்குப் போகும் நீண்ட இரு கம்பிகளையே ஆன்டெனாவாக்கிக்கொண்டு, எங்கள் ரிசீவர் அலைவரிசை வரை பரவியிருந்தது.

அந்தக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, இரு முனையிலும் ஃபெரைட் வளையங்களில் பல சுற்றுகள் சுற்றியபின் இரைச்சல் ஏறக்குறைய மறைந்தது. அதைவிட முக்கியமான திருத்தம் ஒன்றையும் செய்தோம். டோன் (குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த அடையாள ஒலி) அனுப்பினால்தான் ரிப்பீட்டர் திறக்கும் என்று உறுப்பினர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் முதலில் கருவியைப் பொருத்தியவர், வெறும் கேரியர் (குரலோ டோனோ ஏறாத அலை) வந்தாலே உயரும் வெளியீட்டைத்தான் கன்ட்ரோலருக்கு இணைத்திருந்தார். இப்போது கேரியரும் சரியான சி.டி.சி.எஸ்.எஸ். டோனும் சேர்ந்து வந்தால் மட்டுமே அந்தக் கம்பி உயரும்படி ரேடியோவின் நிரலை மாற்றிவிட்டோம். இரைச்சலுக்கு டோன் கிடையாது. எனவே டைமர் தேவையின்றி ஓடுவதில்லை. பவர் மாட்யூல் இன்றும் பழையதுதான்.

பாலக்கோட்டிலிருந்து

சிறிய குறிப்பு ஒன்று. "ரிப்பீட்டர் அனுப்பவில்லை" என்று என்னிடம் வரும் முறையீடுகளில் பல, கேட்பவரின் ஹேண்டியிலேயே தீர்ந்துவிடுகின்றன. வாங்கும் பக்கத்திலும் டோனைப் பொருத்தி வைத்திருப்பார்கள். ரிப்பீட்டரோ வெளியில் அந்த டோனை அனுப்பாது, அல்லது வேறு டோனை அனுப்பும். அலை வந்தாலும் ஹேண்டி வாய் திறக்காது. மோனி பொத்தானை அழுத்தி ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் கேரியர் வருகிறது என்று பொருள். கேரியர் வந்தும் குரல் இல்லையென்றால், தேட வேண்டியது டிரான்ஸ்மிட்டரை அன்று, ரிசீவரிலிருந்து கன்ட்ரோலர் வழியாகப் போகும் ஆடியோ கம்பியை.

கிருஷ்ணகிரியிலிருந்து

தருமபுரி ஐயா சொன்ன இடத்துக்கு அடுத்த பகுதியில் எங்களுக்குப் பழுது வந்தது. பி.டி.டி. கம்பி சரியாக இறங்கியது, டிரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கும் எரிந்தது, ஆயினும் அடிவாரத்தில் நின்றால்தான் மெல்லக் கேட்டது. நகருக்குள் வந்தால் ஒன்றுமில்லை. வாட் மீட்டரை வைத்தபோது போகும் ஆற்றல் மிகக் குறைவாகவும், திரும்பி வருவது ஏறக்குறைய அதே அளவாகவும் இருந்தது. தன்னைக் காத்துக்கொள்ள ரேடியோ ஆற்றலைக் குறைத்துக்கொண்டது. அதைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது.

நாங்கள் டம்மி லோடை ஒவ்வொரு மூட்டுக்கும் நகர்த்திக்கொண்டே போனோம். ரேடியோவின் வாயில் வைத்தபோது 40 வாட் வந்தது. டூப்ளெக்சருக்குப் பின் வைத்தபோது 28 வாட். அதாவது சுமார் 1.5 டெசிபல் இழப்பு, ஆறு கேவிட்டி (உலோகக் குழி வடிகட்டி) உள்ள டூப்ளெக்சருக்கு இது இயல்பே. அடுத்து இருந்த மின்னல் காப்பானுக்குப் பின் வைத்தபோது ஒன்றுமே வரவில்லை. அதனுள் இருக்கும் வாயுக் குழாய் முன்பொரு மின்னலைத் தாங்கி, உள்ளே ஷார்ட் ஆகி நின்றுவிட்டிருந்தது. அது தன் கடமையைச் செய்து முடித்த நிலை. அதை மாற்றுவது நம் கடமை. காப்பானை வைத்திருப்பவர்கள் மாற்றுக் குழாயையும் மேலேயே வைத்திருக்க வேண்டும்.

இடையில், ஆன்டெனா கேபிளின் முனையில் ஓம் மீட்டரை வைத்துப் பார்த்த ஒருவர் "ஆன்டெனா ஷார்ட்" என்று சொல்லிக் கோபுரத்தில் ஏறத் தயாரானார். அவரைத் தடுத்தோம். மடக்கு டைபோல் போன்ற பல ஆன்டெனாக்கள் நேர்மின்னோட்டத்துக்குத் தரையோடு சேர்ந்தே கட்டப்படுகின்றன. ஓம் மீட்டருக்கு அவை எப்போதும் ஷார்ட்டாகத்தான் தெரியும். ஆன்டெனாவின் நலத்தை எஸ்.டபிள்யூ.ஆர். (ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) மூலமோ ஆன்டெனா அனலைசர் மூலமோதான் அறிய வேண்டும்.

டூப்ளெக்சரின் திருகைத் தொட வேண்டாம் என்ற ஐயாவின் சொல்லை நானும் வலியுறுத்துகிறேன். 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளியிருக்கும் தன் டிரான்ஸ்மிட்டரின் இரைச்சலிலிருந்து ரிசீவரைக் காப்பது அந்தக் கேவிட்டிகள்தாம். உரிய கருவியின்றி அரைச் சுற்றுத் திருப்பினாலும், டிரான்ஸ்மிட்டர் எழும்போதெல்லாம் ரிசீவர் செவிடாகி, ரிப்பீட்டர் விட்டுவிட்டுத் துடிக்கும் புதுப் பழுது ஒன்று சேர்ந்துகொள்ளும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து

மின்சாரத்தைப் பற்றி இங்கே குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் காரணம். மின்கலம் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ரேடியோ எழுந்து 10 ஆம்பியர் இழுக்கும் கணத்தில், பச்சைப் பிடித்த ஒரு டெர்மினலிலோ தளர்ந்த பியூஸ் தாங்கியிலோ 0.2 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கன்ட்ரோலர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், ரேடியோ அடங்கிவிடும். ஆகவே வோல்ட்டேஜை டிரான்ஸ்மிட் செய்யும்போது, அதுவும் மின்கலத்தின் முனையில் அன்று, ரேடியோவின் பவர் கனெக்டரிலேயே அளக்க வேண்டும்.

எங்கள் குன்று காட்டை ஒட்டியது. யானை நடமாட்டம் உள்ள நாட்களில் வனத்துறை அனுமதி தராது. அனுமதி கிடைத்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு அழைப்புக்குறிக்குப் பின்னும், டிரான்ஸ்மிட் நிலையில் ரேடியோ முனையில் உள்ள வோல்ட்டேஜை மோர்ஸில் இரண்டு இலக்கமாகச் சொல்லும்படி கன்ட்ரோலரின் நிரலை எழுதி வைத்திருக்கிறோம். 12-க்குக் கீழே கேட்டால் புது பியூஸ் தாங்கியும், டெர்மினல் சுரண்ட எமரித் தாளும், வாசலின் டப்பாவும் பையில் போட்டுக்கொண்டு அனுமதிக்கு எழுதுவோம். அந்த நிரல் வேண்டுவோர் கேட்டால் விளக்கத்துடன் அனுப்புகிறேன். 73 (வாழ்த்துகள்).