கொத்தனார் கைரேகையை மெஷின் எடுக்கவில்லை, உதவுங்கள்

அவினாசி பக்கம் 5 மாடிக் கட்டட சைட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் மஸ்டர் ரோல் (வருகைப் பதிவு) நோட்டுக்குப் பதில் கைரேகை மெஷின் வந்தது. சம்பளக் கணக்கும் அதிலிருந்துதான். 46 பேரில் 11 பேருக்கு ரேகை விழுவதில்லை. எல்லாரும் கொத்தனார், சித்தாள்கள். சிமென்ட் பட்டுப் பட்டு விரல் தேய்ந்துவிட்டது. காலையில் ஓரளவு எடுக்கும், சாயங்காலம் சுத்தமாக இல்லை. இதனால் ஒரு சித்தாள் அக்காவுக்கு 3 நாள் அரைச் சம்பளம்தான் வந்தது. எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மெஷின் ஆப்டிகல் சென்சார் (விரலை ஒளியால் படம் பிடிப்பது), சிம் கார்டில் ஓடுவது. கண்ணாடியைத் துடைத்தோம், கை கழுவவைத்தோம், தேங்காய் எண்ணெய் தடவினோம், சுண்டுவிரல் வரை புதிதாகப் பதிந்தோம்.

முகம் பார்க்கும் மெஷினுக்கு மாற முதலாளி தயார். வெயில், தூசி, ஹெல்மெட்டோடு சைட்டில் அது ஒழுங்காக எடுக்கிறதா?