எம்ஜிபி: புதிதாகக் கட்டிய எஞ்சின் ஏற்றத்தில் நொக் அடிக்கிறது, சாவி எடுத்தாலும் நிற்க மறுக்கிறது

கொட்டாஞ்சேனை67:
வணக்கம். கார் 1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), எஞ்சினை முழுதாகக் கழற்றிக் கட்டியாயிற்று. ஐந்து மெயின் பெயரிங் உள்ள 1798 சிசி பிளாக். 60 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதால் இப்போது 1868 சிசி. ஹெட்டைச் சீவி, போர்ட்களைத் தேய்த்து, எக்ஸ்ஹோஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டிருக்கிறது. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ரோட்டில் ஓடக்கூடிய வேகமான ரகம், ரேஸ் கேம் இல்லை. காபரேட்டர் பழைய எஸ்யூ எச்எஸ்4 சோடிதான்.

சமதரையில் பறக்கிறது, குறையில்லை. ஆனால் மூன்றாம் கியரில் 2000, 2500 சுற்றில் மிதித்தால் தகரப் பேணியில் கல் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம், அதுதான் நொக், பெற்றோல் கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கிற சத்தம். ராஜகிரிய மேம்பாலம் ஏறவே கேட்கிறது. இதோடு கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போக மனம் வரவில்லை. இன்னொன்று, காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து சாவியை எடுத்தால் எஞ்சின் நாலைந்து தரம் உதறிவிட்டுத்தான் நிற்கிறது.

டைமிங் லைட் வைத்துப் பார்த்தது, ஐடிலில் பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னே பொறி விழுகிறது. அடிப்பது 95 பெற்றோல் மட்டும். பஞ்சிகாவத்தையில் ஒருவர் எஸ்யூவைக் கழற்றிவிட்டு வெபர் 45 காபரேட்டர் போடச் சொல்கிறார். போடலாமா?

பழைய இரும்பு:
வெபருக்குக் காசை இறைக்க வேண்டாம் தம்பி. பெற்றோல், காற்றுக் கலவை மெலிந்தாலும் நொக் வரும், அது உண்மை. அதற்கு எஸ்யூவில் ஊசியை மாற்றினால் போதும், முழு சோடியையும் கழற்ற வேண்டியதில்லை. முதலில் கணக்குக்கு வருவோம். கம்ப்ரஷன் எவ்வளவு? கேஜ் வைத்துப் பார்க்கும் பிரஷரைக் கேட்கவில்லை, விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதைக் கேட்கிறேன். எஞ்சினைக் கட்டும்போது ஹெட் சேம்பரை அளந்தீர்களா?

கொட்டாஞ்சேனை67:
அளந்தேன் ஐயா. கண்ணாடித் தகடு வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்ததில் சேம்பர் 36 சிசி. பிஸ்டன் பள்ளம் 6. அமுங்கிய கேஸ்கட் 4. மேலே வரும்போது பிஸ்டன் பிளாக் முகத்துக்கு 30 தௌ கீழே நிற்கிறது.

பழைய இரும்பு:
நல்லது, பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. அந்த 30 தௌ இடைவெளி இன்னொரு 4 சிசி. எல்லாம் சேர்த்து 50. ஒரு சிலிண்டர் 467 சிசி. 467ஐயும் 50ஐயும் கூட்டி 50ஆல் பிரித்தால் 10.3.

கம்பனியிலிருந்து வரும்போது இந்த எஞ்சின் 8.8. நீங்கள் ஹெட்டைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் பெரிதாக்கியிருந்தாலே 9.1க்கு வந்திருக்கும். சீவியதால்தான் 10.3. இங்கிலாந்தின் குளிரில், நல்ல பெற்றோலில், ஒருவேளை சமாளிக்கும். இது இரும்பு ஹெட், அலுமினியம் போலச் சூட்டைச் சட்டென்று கடத்திவிடாது. கொழும்பு வெயிலில், டிராஃபிக்கில் வெந்துபோன எஞ்சினுக்குள் 95 பெற்றோலோடு 10.3 என்றால் விளிம்பில்தான் நிற்கிறீர்கள்.

அதற்காக உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். விளிம்பில் நிற்கிற எஞ்சினைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் டைமிங்தான்.

டொயோட்டா தம்பி:
ஹெட்டைச் சீவினால் கேம் டைமிங்கும் மாறிவிடும் அல்லவா அண்ணை? எங்கள் 4ஏ எஞ்சின்களில் சீவினால் கேம் பின்தங்கும், அதற்கு அட்ஜஸ்ட் பண்ணும் புல்லி போடுவோம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
உங்கள் எஞ்சினில் கேம் ஹெட்டின் மேல் இருக்கிறது. இதில் கேம் பிளாக்குக்குள், கிராங்கிலிருந்து சிறு செயினில் ஓடுகிறது. ஹெட்டை எவ்வளவு சீவினாலும் அந்தத் தூரம் மாறாது. இங்கே மாறுவது ராக்கரின் கோணம். புஷ்ராட் அதே நீளம், ஹெட் கீழே வந்துவிட்டது. ராக்கர் தூண்களுக்கு அடியில் சீவிய அளவுக்கு ஷிம் (மெல்லிய தகடு) போடாவிட்டால் ராக்கர் வால்வுத் தண்டை ஓரமாகத் தள்ளி வால்வு கைடைத் தின்னும். நொக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் கவரைத் திறக்கும்போது பார்த்துவிடுங்கள்.

சரி, டைமிங். ஐடிலில் 10 என்பது பாதிக் கதை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள், சுற்று ஏற ஏற எடைகள் விரிந்து மேலும் எவ்வளவு சேர்க்கின்றன? உங்களுடையது லூகாஸ் 25டி4 என்றால் மூடியையும் ரோட்டர் ஆர்மையும் எடுத்து, பாயின்ட் தகட்டுக்குக் கீழே பாருங்கள். எடைகளை இயக்கும் தகட்டில் ஒரு எண் அடித்திருக்கும். அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, கிராங்கில் அதன் இரட்டிப்பு. இந்த எஞ்சினுக்கு வெக்கூம் பைப்பைக் கழற்றி வைத்து, முழுதாக விரிந்த நிலையில் மொத்தம் 32, 34க்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, முன் புல்லியில் ரப்பர் வளையம் உள்ளதா? அந்த ரப்பர் பழசாகி வெளி வளையம் வழுக்கியிருந்தால் புல்லியில் உள்ள குறியே பொய். அந்தக் குறியில் எத்தனை தரம் லைட் அடித்தாலும் பொய்தான் தெரியும்.

தெமட்டகொடை லேத்:
பெரியவர் சொன்ன புல்லி விஷயத்தை முதலில் பாருங்கள். செய்முறை லேசு. முதலாம் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஒரு போல்ட்டை மாட்டுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்துவிட்டு அதற்குள் போல்ட்டை வெல்ட் பண்ணினால் போதும். மற்றப் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் கையால் சுற்றுவது இலகு. எஞ்சினை மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, முட்டும் இடத்தைப் புல்லியில் குறியுங்கள். மறுபக்கம் சுற்றி அங்கேயும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு மையம்தான் உண்மையான டாப், அதாவது பிஸ்டனின் உச்சி நிலை. ஸ்டார்ட்டர் மோட்டாரில் இதைச் செய்ய வேண்டாம், பிஸ்டனில் ஓட்டை விழும்.

பிளக் என்ன நம்பர்? என்ஜிகே பிபி6இஎஸ் என்றால் இந்தக் கம்ப்ரஷனுக்கு ஒரு படி குளிரான பிபி7இஎஸ் போட்டுப் பாருங்கள். சாவி எடுத்த பிறகும் ஓடுவதற்கு, சிவக்கக் காய்ந்த பிளக் நுனியும் ஒரு காரணம். கழற்றும்போது 2, 3ஆம் சிலிண்டர் பிளக்குகளைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே எக்ஸ்ஹோஸ்ட் வாய், ஹெட்டிலேயே சூடான இடம் அதுதான். பீங்கானில் பொடி போல வெள்ளிப் புள்ளிகள் இருந்தால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது, அதற்குப் பிறகு ஓட வேண்டாம்.

பழைய இரும்பு:
அவர் சொல்வது சரி. 1, 4 பிளக்குகளுக்கும் 2, 3க்கும் நிறத்தில் சின்ன வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரு இன்லெட் வாய் என்பதால் அப்படித்தான் இருக்கும்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா? இங்கே பல கராஜ்களில் "வெயில் நாடு, வேண்டாம்" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். எம்ஜிபிக்கு வெயில் நாட்டுக்கென்றே 74 டிகிரி தெர்மோஸ்டாட் உண்டு. அதைப் போடுங்கள். காபரேட்டருக்கும் எக்ஸ்ஹோஸ்ட்டுக்கும் இடையே உள்ள சூட்டுத் தகடும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், அந்தத் தகடு இல்லாவிட்டால் நெரிசலில் பெற்றோல் காபரேட்டருக்குள்ளேயே கொதிக்கும்.

அதுவரை, வீட்டுக்கு வந்ததும் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, சாவியை எடுத்து, கிளட்சை மெல்ல விடுங்கள். உதறாமல் நின்றுவிடும். அழகான வழி இல்லை, ஆனால் பெயரிங்குகளுக்கு நல்லது.

கொட்டாஞ்சேனை67:
போல்ட் வைத்துப் பார்த்தேன். புல்லிக் குறி 7 டிகிரி தவறு! லைட்டில் 10 காட்டும்போது உண்மையில் 17. டிஸ்ட்ரிபியூட்டர் தகட்டில் 10 என்று அடித்திருக்கிறது, அதாவது கிராங்கில் 20. மொத்தம் 37 டிகிரியில் ஓடியிருக்கிறது.

புல்லியில் புதுக் குறி போட்டு, ஐடிலில் 12க்குக் கொண்டுவந்தேன், மொத்தம் 32. பிபி7இஎஸ் போட்டாயிற்று. பழைய பிளக்குகளில் வெள்ளிப் புள்ளி எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட் ஐயா சொன்னது போலவே இல்லை, 74 வாங்கிப் போட்டேன். ராஜகிரிய மேம்பாலத்தில் சத்தம் இல்லை. சாவி எடுத்தால் ஒரு தரம் உதறி நிற்கிறது. ஆனால் காருக்குள் நாலு பேரோடு, மதியச் சூட்டில் மிதித்தால் இன்னும் லேசாகக் கேட்கிறது.

டொயோட்டா தம்பி:
எம்ஜிபியில் நாலு பேரா?

கொட்டாஞ்சேனை67:
ஜிடி உடம்பு (கூரையும் பின் சீட்டும் உள்ளது) தம்பி, பின்னால் பிள்ளைகள் இருவர்.

பழைய இரும்பு:
மிச்சம் இருப்பது அந்த 10.3தான். இன்னும் 2 டிகிரி பின்னே இழுத்தால் சத்தம் நிற்கும், ஆனால் கேமுக்குச் செலவழித்த பலம் அதோடு போகும். நான் செய்வதென்றால் விகிதத்தை 9.5க்கு இறக்குவேன். 9.5இல் ஒன்றைக் கழித்து, 467ஐ 8.5ஆல் பிரித்தால் 55, ஆக 5 சிசி கூட்ட வேண்டும்.

ஹெட்டைக் கழற்றி சேம்பரைப் பாருங்கள். இதய வடிவம், ஹாரி வெஸ்லேக் வடிவமைத்தது. இரண்டு வால்வுகளுக்கும் நடுவே மூக்குப் போல ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். சிவந்து பெற்றோலைத் தானாகப் பற்றவைக்கும் இடம் அது. அந்தக் கூரை வட்டமாக்கி, ஓரங்களில் உள்ள வெட்டுக்கூர்களையும் தேயுங்கள். நாலு சேம்பரும் ஒரே அளவாக இருக்கும்படி மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றி அளந்து அளந்து போங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவில் கை வைக்க வேண்டாம், இந்த ஹெட்கள் அங்கேதான் விரிசல் விடும். 5 சிசி முழுதும் அங்கே கிடைக்காவிட்டால் மிச்சத்தைப் பிஸ்டன் பள்ளத்தில் எடுக்கலாம், லேத்காரரிடம் முகத்தடிப்பு எவ்வளவு மிச்சம் என்று கேட்டுவிட்டு. இரண்டு கேஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்க வேண்டாம்.

தெமட்டகொடை லேத்:
பிஸ்டன் முகத்தடிப்பு அளந்து சொல்லலாம், ஹெட்டையும் ஒரு பிஸ்டனையும் கொண்டு வாருங்கள். ஷிம்மும் அப்போதே வெட்டிவிடலாம், எத்தனை தௌ சீவினது என்ற கணக்கு வேண்டும்.

கொட்டாஞ்சேனை67:
சீவியது 40 தௌ. சனிக்கிழமை கொண்டு வருகிறேன்.