80இல் மட்டும் உறுமும் வான், ரயர் எல்லாம் பார்த்தாயிற்று

வெள்ளவத்தை வான்:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டொல்பின் ஹையேஸ். டீசல், 5 கியர், பின் சில்லு இழுக்கும் வான். அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். கிழமை நாட்களில் ஸ்கூல் பிள்ளைகள், சனி ஞாயிறில் விமான நிலைய ஹயர்.

கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு குறையும் தெரியாது. அந்த நெரிசலில் 50ஐத் தொடுவதே பெரிய விஷயம். கட்டுநாயக்க ஹைவேயில் ஏறி 75 வந்ததும் தொடங்குகிறது. 80, 85இல் ஆகக் கூட. 95ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். ஸ்டியரிங் ஆடாது. சீட்டிலும் காலுக்குக் கீழே தரையிலும்தான் உறுமல். நடு வரிசையில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். போன கிழமை ஹயர் வந்த ஒரு அம்மா, "தம்பி, கீழே என்னவோ கழரப் போகுது" என்று பயந்துவிட்டார். அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

4 சில்லையும் இரண்டு தடவை பலன்ஸ் செய்தேன். அலைன்மென்ட் பார்த்தேன். பின்னுக்கு 2 புது ரயரும் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது எஞ்சின் மவுன்ட் மாற்றச் சொல்கிறார்கள். பிள்ளைகள் ஏறுகிற வாகனம் என்பதால் காரணம் தெரியாமல் விட எனக்கு மனமில்லை. யாராவது சொல்லுங்கள்.

தெஹிவளை விட்ஸ்:
எனக்கும் 60க்கு மேல் இப்படி ஒரு நடுக்கம் இருந்தது. அக்ஸிலரேட்டரை மிதித்தால் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். சில்லைச் சுற்றும் தண்டில், கியர் பெட்டிப் பக்கத்து மூட்டு (சீவி ஜொயின்ட்) தேய்ந்திருந்தது. என்னுடையது முன் சில்லு இழுக்கும் கார், உங்கள் வானில் அந்த அமைப்பு இல்லை. ஆனாலும் காலை எடுத்ததும் நிற்கிறதா என்று பாருங்கள்.

கிராண்ட்பாஸ் லேத்:
தம்பி, எஞ்சின் மவுன்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். நான் பல வருடமாக ஷாஃப்ட் வேலை செய்கிறவன். ஷாஃப்ட் என்றால், கியர் பெட்டியிலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு. இப்படி ஒவ்வொரு சாமானாக மாற்றிக் களைத்துப்போய் வருகிறவர்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும்.

அதிர்வு எதனோடு சேர்ந்து ஓடுகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். 5ஆம் கியரில் 80இல் போங்கள். பிறகு 4ஆம் கியரில் அதே 80. எஞ்சின் சுற்று மாறும், ஆனால் ஷாஃப்டும் சில்லும் அதே வேகத்தில்தான் சுற்றும். அதிர்வு 80ஐ விட்டு நகரவில்லை என்றால் எஞ்சினை மறந்துவிடலாம். அப்புறம், பின்னால் வாகனம் இல்லாத நேரான இடத்தில் சில விநாடி மட்டும் கிளட்சை மிதித்து, எஞ்சின் பிரிந்த பிறகும் உறுமுகிறதா என்று பாருங்கள். சாவியை மட்டும் நிறுத்த வேண்டாம், பிரேக் உதவி போய்விடும்.

இன்னொரு கேள்வி. இந்த அதிர்வு வருவதற்கு முன்னால் கடைசியாக வானுக்குக் கீழே என்ன வேலை நடந்தது?

வெள்ளவத்தை வான்:
அண்ணா, ஞாயிறு விடிய தெற்கு ஹைவேயில் கொட்டாவையில் ஏறி கஹதுடுவையில் இறங்கித் திரும்பி வந்தேன். 5இலும் 4இலும் அதே 80. கிளட்சை மிதித்தாலும் உறுமல் நிற்கவில்லை. கடைசி வேலை, 2 மாதத்துக்கு முன் கிளட்ச் பிளேட் மாற்றியது. அது எஞ்சின் பக்க வேலை என்று நினைத்து நான் எழுதவே இல்லை.

கிராண்ட்பாஸ் லேத்:
அதைத்தான் தேடினேன். கிளட்ச் மாற்றக் கியர் பெட்டியை இறக்க வேண்டும், அதற்கு முதலில் நான் சொன்ன அந்த ஷாஃப்டை (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) கழற்ற வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ரயரில் சோக்கால் ஒரு கோடு போட்டு வானை ஒரு சுற்று உருட்டி அளந்தால் ஏறக்குறைய 2.1 மீற்றர் வரும். 80இல் வான் ஒரு விநாடிக்கு 22 மீற்றர் போகிறது, அப்படியானால் சில்லு விநாடிக்கு 10, 11 தடவை சுற்றும். டிஃப் விகிதம், அதாவது சில்லு ஒரு தடவை சுற்ற ஷாஃப்ட் சுற்றும் தடவை, 4.1 என்று வைத்தால் ஷாஃப்ட் 43 தடவை சுற்றும். சில்லுக் கோளாறு என்றால் உடம்பையே ஆட்டும். ஷாஃப்ட் கோளாறு என்றால், மேசையில் வைத்த போன் அதிர்வது போல உறுமும். "உறுமல்" என்று நீங்களே முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள்.

ஷாஃப்ட் துண்டுகளின் முனையில் இருக்கும் மடங்கும் மூட்டான யூனிவர்சல் ஜொயின்ட் சரிவாக நின்று சுற்றும்போது, முன் பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் பின் பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அதே துண்டின் மறு முனையில் இருக்கும் ஜொயின்ட் அந்த ஏற்ற இறக்கத்தைத் திருப்பிச் சமன் செய்கிறது. ஆனால் இரண்டு முனையிலும் உள்ள கவை போன்ற யோக் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் சமன் ஆகும். ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசையில் (ஸ்பிளைன்) ஒரு பல் மாறிப் பூட்டினாலும் ஆகாது. கழற்றும்போது பெயின்டால் ஒரு கோடு போட்டு வைப்பது அதற்காகத்தான். ஷாஃப்டை பலன்ஸ் செய்வதும் அந்தப் பொருத்தத்தில்தான்.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில்லுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் ஏற்றிப் பாருங்கள். ஜெக்கை மட்டும் நம்பி உள்ளே போக வேண்டாம், தயவுசெய்து. யோக்குகள் நேரா? ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா? ஷாஃப்டைக் கையால் முறுக்கினால் ஜொயின்ட் லூசாக இருக்கிறதா? ஷாஃப்டில் சின்னத் தகடு ஒன்று விழுந்துபோன தடம் தெரிகிறதா? அது பலன்ஸ் எடை.

வெள்ளவத்தை வான்:
அண்ணா, பின் துண்டின் யோக்குகள் நேரில் இல்லை. கண்ணாலேயே தெரிந்தது. படம் எடுத்து பக்கத்துக் கராஜ் பாஸிடம் காட்டினேன், அவர் பார்த்த உடனேயே ஒப்புக்கொண்டார். கழற்றி ஸ்பிளைனை இரண்டு பல் திருப்பிப் பூட்டினோம். சென்டர் பேரிங் ரப்பரும் ஒரு பக்கம் பிளந்திருந்தது, பஞ்சிகாவத்தையில் ஒன்று வாங்கிப் போட்டோம்.

நேற்று இரவு கட்டுநாயக்க ஹயர். 75, 80, 85 எதிலும் சத்தம் இல்லை. பின்னால் இருந்தவர்கள் நித்திரை கொண்டே போனார்கள். 95க்குக் கிட்ட மட்டும் லேசாக ஒன்று மிச்சம் இருக்கிறது.

கிராண்ட்பாஸ் லேத்:
சந்தோஷம் தம்பி. அந்த மிச்சம் பலன்ஸாக இருக்கலாம். பழுதோடு அதிக வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்த ஷாஃப்ட் என்பதால் ஜொயின்ட் இரண்டையும் ஒரு மாதம் கழித்துத் திரும்ப முறுக்கிப் பாருங்கள். இந்த முறை கழற்றினால், கோடு போட்ட பிறகு கழற்றச் சொல்லுங்கள்.