பக்க வளவில் ஹீட் பம்ப் வெளி யூனிட்: நடைபாதை முழுக்க ஐஸ், அருகில் காஸ் மீட்டர். இப்படியே ஓட விடலாமா?

மார்க்கம்வாசி (ஜனவரி 14)

வணக்கம். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து மார்க்கம் நகரில், ஒரு பழைய செமி (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீட்டில் இருக்கிறோம். போன கோடையில் ஏசி செத்துவிட்டதால் அதை எடுத்துவிட்டு, கோடையில் குளிர்வித்துக் குளிர்காலத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் போட்டோம். வீட்டைச் சூடாக்கும் காஸ் பர்னஸ் அப்படியே இருக்கிறது. கடுங்குளிரில் அது ஓடும், மற்ற நேரம் ஹீட் பம்ப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். வெளி யூனிட்டை பழைய ஏசி இருந்த அதே சிலாப்பில், பக்க வளவில், வைத்துவிட்டுப் போனார்கள். ஒக்டோபரில் வந்து வேலையை முடித்தது ஒரு நாளில்.

டிசம்பர் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது நடப்பது இதுதான். யூனிட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து நடைபாதையில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிறது. நேற்று குப்பை போடப்போன அம்மா சறுக்கி, மதிலைப் பிடித்துத் தப்பினார். மேலே கூரைப் பீலியிலிருந்து சொட்டும் தண்ணீர் யூனிட்டின் தலையில் உறைந்து தொப்பி போல் நிற்கிறது. இரண்டு நாளாக ஃபேன் சுற்றும்போது டக டக என்று ஏதோ இடிக்கிறது. இடைக்கிடை ஃபேன் நின்று, யூனிட்டிலிருந்து புகை மாதிரி எழும்புகிறது.

இதோடு இன்னொன்று. காஸ் மீட்டர் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், 55 செ.மீ.

போட்ட கம்பனிக்கு அடித்தால் "ஏசி இருந்த இடம்தானே, எல்லாம் நோர்மல்" என்கிறார்கள். என் கணவர் சுத்தியலும் சுடுதண்ணீருமாக வெளியே போக நிற்கிறார். மறித்து வைத்திருக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.

அடையாறு_ஏசி

நான் சென்னையில் 11 வருடமாக ஏசி வேலை பார்க்கிறேன். அவுட்டோர் மேல தண்ணி சொட்டினா மேலே ஒரு ஷீட் அடிச்சு, சுத்தி தார்ப்பாய் கட்டிடுங்க அக்கா, சரியாயிடும். அடியில் வர்ற தண்ணிக்கு ஒரு டியூப் போட்டு தூரமா விட்டுடலாம். இங்க இன்டோர் தண்ணிக்கு அப்படித்தான் விடுவோம்.

ஸ்காபரோ_குளிரூட்டி

அடையாறு தம்பி, ஷீட் வரைக்கும் சரி. தார்ப்பாய் வேண்டாம். குளிரில் இந்த யூனிட் முழு மூச்சாக ஓடவேண்டியது, காற்றை மறித்தால் மூச்சு முட்டிவிடும். டியூப்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மார்க்கம்வாசி, நான் இங்கே 313ஏ லைசென்ஸ் (குளிரூட்டி, ஏசி வேலைக்கான உரிமம்) உள்ள மெக்கானிக். முதலில் இன்றிரவு செய்யவேண்டியது: தெர்மோஸ்டாட்டில் "எமர்ஜென்சி ஹீட்" என்று இருக்கும், அதற்கு மாற்றுங்கள். பர்னஸ் மட்டும் ஓடும், வீடு குளிராது. சுத்தியலைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கொயிலின் அலுமினியத் தகடுகள் காகிதம் மாதிரி, உள்ளே செப்புக் குழாய். ஒரு ஓட்டை விழுந்தால் உள்ளே ஓடும் குளிரூட்டும் காஸ் (மீட்டரில் வரும் காஸ் இல்லை) முழுவதும் போய்விடும். சுடுதண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய் இன்னும் கெட்டியாக உறையும். நடைபாதைக்கு உப்போ மணலோ போடுங்கள், உப்பு யூனிட்டின் மேல் படாமல்.

புகை என்று நீங்கள் நினைப்பது நீராவி. அந்த ஒன்று மட்டும் கம்பனி சொன்னதுபோல நோர்மல்தான். கோடையில் தண்ணீர் வடிவது வீட்டுக்குள் இருக்கும் கொயிலில். குளிர்காலத்தில் குளிரூட்டும் காஸ் மறுபக்கமாக ஓடுவதால் வெளிக்கொயில் வெளிக்காற்றையும் விடக் குளிர்ந்துவிடும். அதில் உறைபனி படியும். அதை உருக்க யூனிட் கொஞ்ச நேரம் திரும்ப ஏசி மாதிரி ஓடும், அப்போது ஃபேன் நிற்கும், ஆவி கிளம்பும். ஈரமான நாளில் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறைகூட இது நடக்கும். உருகிய தண்ணீர் ஒரு நாளைக்குப் பல லீட்டர். அது எங்கே போகும் என்று யோசிக்காமல் வைத்ததுதான் உங்கள் வீட்டுக் கதை. ஏசிக்குத் தரையோடு ஒட்டிய சிலாப் போதும். ஹீட் பம்புக்குப் போதாது.

ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். யூனிட்டின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் முழங்கை (வளைந்த குழாய்த் துண்டு) பூட்டி, அதில் ஹோஸ் கொழுவியிருக்கிறதா?

மார்க்கம்வாசி

ஓம், கொழுவியிருக்கிறது. ஹோஸ் கல்லு மாதிரி உறைந்துபோய் இருக்கிறது. எமர்ஜென்சி ஹீட்டுக்கு மாற்றிவிட்டேன். சுத்தியல் கராஜுக்குப் போய்விட்டது.

ஸ்காபரோ_குளிரூட்டி

நினைத்தேன். உறைகிற ஊரில் அந்த முழங்கையைப் பூட்டவேண்டாம் என்று பெரும்பாலான மானுவல்களில் எழுதியே இருக்கும். தட்டில் இருக்கும் ஓட்டைகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் நேரே கீழே விழவேண்டும். உங்களுக்கு ஹோஸ் உறைந்தது, தண்ணீர் போக வழியில்லை, தட்டிலேயே நின்று ஐஸ் உயர்ந்தது, இப்போது ஃபேன் இதழ் அதில் இடிக்கிறது. டக டக அதுதான். இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் இதழ் உடைந்திருக்கும், இல்லாவிட்டால் மோட்டர் போயிருக்கும். அடித்தட்டு ஹீட்டர் உள்ள மொடலா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்கு வயர் கொடுத்தார்களா என்பது அடுத்த கேள்வி.

காஸ் மீட்டரை நான் உறைபனிக்கு முன்னால் வைப்பேன். மீட்டரோடு இருக்கும் ரெகுலேட்டருக்கு ஒரு சின்ன வாய் உண்டு. அழுத்தம் கூடினால் அதன் வழியாக காஸ் வெளியே வரும், அது அதன் வேலை. பக்கத்தில் மின்பொறி வரக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. வெளி யூனிட்டையும் அப்படித்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒன்ராறியோவில் பொதுவாகக் கேட்பது 3 அடி, அதாவது கிட்டத்தட்ட 1 மீட்டர். 55 செ.மீ காணாது. பழைய ஏசியும் அங்கேதானே இருந்தது என்பது பதிலே இல்லை. அப்போதும் அது பிழைதான், யாரும் பார்க்கவில்லை. உங்கள் காஸ் நிறுவனத்துக்கு அடித்து வந்து அளக்கச் சொல்லுங்கள்.

அஜாக்ஸ்_பெரியவர்

தம்பி, எனக்கும் இதே கதைதான், துணி உலர்த்தும் ட்ரையரின் காற்று வெளிவரும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஈரக்காற்றும் பஞ்சும் கொயிலில் ஒட்டி, இரண்டு கிழமைக்குள் யூனிட் பஞ்சு மெத்தை ஆகிவிட்டது. ஒரு விஷயம் கேட்கிறேன், கதவைத் தட்டி வந்து விற்றவர்களா? அப்படியென்றால் ஒப்பந்தத்தை வடிவாகப் பாருங்கள். ஏசி, பர்னஸ் போன்றவற்றை அழைக்காமல் வீடு வீடாக வந்து விற்பதற்கு 2018 மார்ச் 1இலிருந்து ஒன்ராறியோவில் தடை. வாடகை என்று கையெழுத்து வாங்கி வீட்டின் மேல் பதிவு போட்டுவிட்டுப் போன ஆட்களால் எங்கள் சனம் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மார்க்கம்வாசி

ஐயா, தம்பி இல்லை, தங்கச்சி. கதவைத் தட்டி வந்தவர்கள் இல்லை, என் கணவருடைய மச்சானுக்குத் தெரிந்த ஆள். அதனால்தான் சத்தம் போடவும் முடியவில்லை. வாடகை இல்லை, காசு கொடுத்து வாங்கியது.

வயர்_ராசன்

தெரிந்த ஆள் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். நான் எலக்ட்ரீஷியன். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா, ஒன்றையும் கழற்றத் தேவையில்லை. வெளியே யூனிட்டை நிறுத்தும் டிஸ்கனெக்ட் பெட்டி எங்கே இருக்கிறது? யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்ச பிரேக்கர் எத்தனை ஆம்ப் என்று போட்டிருக்கிறது? பேஸ்மென்ட் பனலில் அந்த யூனிட்டுக்கு உள்ள பிரேக்கரில் என்ன எண்?

மார்க்கம்வாசி

பெட்டி யூனிட்டுக்கு நேர் பின்னால் சுவரில். கையை விட்டால்தான் எட்டும், கண்ணுக்குத் தெரியாது. தகட்டில் 25. பனலில் 40.

வயர்_ராசன்

பனலில் அந்த பிரேக்கரை இப்போதே இறக்கிவிடுங்கள். பர்னஸ் பிரேக்கர் வேறு, அதைத் தொடவேண்டாம்.

பழைய ஏசி கூடக் கரண்ட் இழுக்கும், அதற்கு 40 போட்டிருப்பார்கள். புதியது இன்வேர்ட்டர் வகை (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது), குறைவாக இழுக்கும். வந்தவர்கள் பழைய வயரிலேயே கொழுவிவிட்டு பிரேக்கரை மாற்றாமல் போயிருக்கிறார்கள். 40க்குப் போட்ட வயர் தடிப்பாகத்தான் இருக்கும், வயர் சூடாகும் என்ற பயம் இல்லை. பயம் யூனிட்டுக்குள். உள்ளே ஒரு பழுது வந்து 25க்கு மேல் இழுத்தாலும் இந்த பிரேக்கர் விழ அவசரப்படாது. அதற்குள் போர்டு கருகும். பிரேக்கர் மாற்றுவது பெரிய செலவே இல்லை, செய்யாமல் விட்டதுதான் கோபம் வருகிறது.

டிஸ்கனெக்ட் பெட்டி யூனிட் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியவேண்டும், 3 மீட்டருக்குள் இருக்கவேண்டும், அதன் முன்னால் ஆள் நின்று வேலை செய்ய 1 மீட்டர் இடம் வேண்டும். பின்னால் ஒளித்து வைத்தால் மெக்கானிக் எப்படி நிறுத்துவான்? ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்தல் போட்டிருக்க வேண்டும். அந்த அறிவித்தல் எண்ணைக் கம்பனியிடம் கேளுங்கள். எண் இல்லை என்றால் வேலை பதிவாகவே இல்லை.

மார்க்கம்வாசி (ஜனவரி 19)

புதினம் சொல்கிறேன். காஸ் நிறுவனத்திலிருந்து ஆள் வந்து அளந்தார். உடனே காஸை நிறுத்தும் டாக் (எச்சரிக்கை அட்டை) இல்லை, கால அவகாசத்துக்குள் திருத்தச் சொல்லும் டாக் கட்டிவிட்டுப் போனார். யூனிட் நிறுத்தியிருப்பது நல்லது என்றார். அறிவித்தல் எண்ணைக் கேட்டதும் கம்பனிக்காரரின் குரலே மாறிவிட்டது. எண் இல்லை. டாக்கின் படத்தை அனுப்பினேன், இடம் மாற்றித் தருகிறேன் என்கிறார். எங்கே வைக்கச் சொல்ல? பக்க வளவின் அகலம் 120 செ.மீ. யூனிட்டின் ஆழம் 35, சுவரிலிருந்து 10 விட்டு வைத்திருக்கிறார்கள். மீட்டரிலிருந்து தள்ளி அதே பக்கத்திலேயே வைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். பின் வளவில் இடம் இருக்கிறது, ஆனால் குழாய் நீளும், காசு கூடும் என்கிறார். சுவரில் பிராக்கெட் அடித்து மேலே தூக்கலாமா என்றும் கேட்டார்.

அடையாறு_ஏசி

குளிரூட்டி அண்ணன் சொன்னது புரிஞ்சுது, எங்க ஊர்ல இந்தப் பிரச்சினையே வராது, அதனால தப்பா சொல்லிட்டேன். பிராக்கெட் மட்டும் எனக்குத் தெரியும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடிச்சு மாட்டலாமே?

ஸ்காபரோ_குளிரூட்டி

உங்கள் ஊர்ச் செங்கல் சுவர் வீட்டைத் தாங்குவது தம்பி. இங்கே வெளியில் தெரியும் செங்கல் வெறும் சட்டை, அதற்குப் பின்னால் மரச்சட்டகம். அந்தச் சட்டையில் 70, 80 கிலோவைத் தொங்கவிட்டு ஆட்டினால் ஒரு நாள் செங்கலோடு வரும். மரத்தில் பிடித்தால் வீடு முழுக்க ரீங்காரம். படுக்கையறைக்கு நேரே என்றால் தூக்கம் போச்சு. எனக்கு எப்போதும் தரைதான் விருப்பம்.

அக்கா, கணக்கைப் பாருங்கள். 120இல் 45 போனால் மதிலுக்கு 75. எத்தனை தேவை என்று உங்கள் மானுவலில் இருக்கும், அது பொருந்தினாலும்கூட நான் அங்கே வைக்கமாட்டேன். நடைபாதை அதுதான், தண்ணீர் விழுவதும் அதே இடம்தான். ஊதுகிற குளிர்காற்று மதிலில் பட்டுத் திரும்ப யூனிட்டுக்குள்ளேயே போகும். பக்கத்து வீட்டு யன்னலுக்கு நேரே சத்தம் வேறு.

பின் வளவுக்குப் போங்கள். பீலி சொட்டாத சுவர்ப்பக்கம் பாருங்கள், கூரைப் பனி சரிந்து விழாத இடமாகவும் இருக்கட்டும். அடியில் மண்ணை எடுத்துவிட்டுச் சல்லி நிரப்பினால் தண்ணீர் அதற்குள் இறங்கும். ஸ்டாண்டு 45 செ.மீ உயரம் இருக்கட்டும், இந்த ஊர்ப் பனிக்கு அதற்குக் குறைய வேண்டாம். தெற்கு ஒன்ராறியோவில் உறைபனி 4 அடி வரை மண்ணுக்குள் இறங்கும், சும்மா கல்லு போட்டு வைத்தால் ஒரு மூலை எழும்பி யூனிட் சாயும், குழாய் இழுபடும். காசு இருந்தால் திருகுத் தூண் (மண்ணுக்குள் ஆழமாகத் திருகி இறக்கும் இரும்புத் தூண்) இறக்குங்கள். சல்லியும் சிலாப்பும் என்றால் ஒவ்வொரு வசந்தத்திலும் மட்டம் வைத்துப் பாருங்கள். தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்குச் சொல்லவேண்டும். வந்து காஸ், கரண்ட் எங்கே போகிறது என்று நிறம் அடித்துவிட்டுப் போவார்கள், காசு இல்லை.

இப்போது மண் கல்லாக இருக்கிறது. அவசரப்பட்டு ஜனவரியில் தோண்ட விடாதீர்கள். யூனிட் நிற்கட்டும், பர்னஸ் ஓடட்டும், டாக்கின் அவகாசத்தை நீட்டித் தருவார்களா என்று காஸ் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு ஏப்ரலில் செய்யலாம்.

குழாய் வேலைக்கு வருகிற ஆளிடம் கேட்கவேண்டியது. யூனிட்டுக்கு உள்ளே இருக்கும் குளிரூட்டும் காஸைக் காற்றில் விடக்கூடாது, சட்டப்படி பிழை. யூனிட்டுக்குள் ஒதுக்கவேண்டும் அல்லது சிலிண்டரில் எடுக்கவேண்டும். அதைத் தொடுகிறவரிடம் ஓசோன் கார்டு (அந்தக் காஸைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான அட்டை) இருக்கவேண்டும், காட்டச் சொல்லுங்கள். புதுக் குழாயை நைட்ரஜன் அடித்துச் சோதிக்கவேண்டும். ஒட்சிசன் சிலிண்டரை யாராவது கொண்டுவந்தால் வீட்டைவிட்டு அனுப்புங்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். பிறகு வேக்யூம், அதாவது குழாயிலிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது; அழுத்தத்தை 500 மைக்ரோனுக்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்தி, எண் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த மீட்டரைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். குழாய் நீண்டால் கூட எவ்வளவு காஸ் என்று மானுவலில் கிராம் கணக்கு இருக்கும், தராசில் வைத்துத்தான் ஏற்றவேண்டும். கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து "குளிர்கிறது, போதும்" என்பவர் வேண்டாம்.

இன்னொன்று மறந்துவிடுவேன். ஏப்ரலில் பிரேக்கரை ஏற்றியவுடன் ஓடவிடவேண்டாம். நீண்ட நாள் கரண்ட் இல்லாமல் நின்றால் குளிரூட்டும் காஸ் போய் கம்பிரசரின் எண்ணெயில் கலந்து கிடக்கும். 12 மணித்தியாலமாவது கரண்ட் இருக்கட்டும், சூடாக்கி அதை எழுப்பிவிடும். பிறகு ஓட்டுங்கள்.

அடையாறு_ஏசி

ஒட்சிசன் விஷயம் இங்கயும் அதே தான் அண்ணா. அதுல உயிர் போனவங்க உண்டு.

மார்க்கம்வாசி (ஏப்ரல் 27)

தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பின் வளவுக்கு மாற்றியாயிற்று. திருகுத் தூணுக்குக் காசு பாதி அவர், பாதி நாங்கள். மச்சான் நடுவில் நின்று பேசி முடித்தார். பனலில் 25 ஆம்ப் பிரேக்கர், டிஸ்கனெக்ட் பெட்டி பக்கத்தில், கண்ணுக்கு நேரே. மின்பாதுகாப்பு ஆணையத்தின் பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்றார். அறிவித்தல் எண்ணை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். காஸ் நிறுவனத்தின் டாக்கும் கழன்றுவிட்டது. அடித்தட்டு ஹீட்டர் இந்த மொடலில் இருந்திருக்கிறது, வயர் மட்டும் கொடுக்கவில்லை. இப்போது கொடுத்தாயிற்று.

வேக்யூம் படம் கேட்டேன். வந்த பையன் முதலில் முழித்தான், பிறகு எடுத்துத் தந்தான், 340 மைக்ரோன். போன கிழமை காலையில் குளிர் திரும்ப வந்து ஒருமுறை ஆவி விட்டது. தண்ணீர் நேரே சல்லிக்குள் போனது, அம்மாவும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கறிவேப்பிலைச் சட்டியைக் கோடையில் வைக்கும் இடத்தில் அந்தப் பெட்டியை வைத்துவிட்டோம் என்று இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.